சுவர் இல்லாத வீட்டைப் படமெடுப்பது

மட்டக்களப்பில் கமரா வைத்திருப்பவர்களிடம் ஒரே படங்கள்தான் இருக்கும். கல்லடிப் பாலம், ஒல்லாந்தர் கோட்டை, சுனாமியில் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம், பாலமீன்மடு வெளிச்சவீடு. வெளிச்சவீடு 1913இல் கட்டியது. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் அழகாகவே விழுந்துவிடும், அதனாலேயே எனக்கு அலுத்துப்போனது. நாவலடிக்குப் போனேன்.

தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. 2004 டிசம்பர் 26 அன்று அலை மேலால் போய் வாவியில் விழுந்தது. பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். கொஞ்சக் காலத்தில் அந்த விதியைத் தளர்த்தினார்கள் என்றாலும், நாவலடிச் சனம் பெரும்பாலும் திராய்மடுவில் குடியேறிவிட்டது. இங்கே மிஞ்சியது அத்திவாரங்கள், கிணறுகள், இரண்டொரு அரைச்சுவர்கள்.

அரைச்சுவரைப் படமெடுப்பது சுலபம். சிக்கல் அத்திவாரத்தில். கண்ணுக்கு முன்னால் ஒரு வீட்டின் முழு வரைபடமும் கிடக்கும். கமராவில் பார்த்தால் மணலும் அடம்பன் கொடியும் மட்டும் தெரியும். இங்கே சூரியன் கடலிலிருந்து வருகிறது. கடலைப் பார்த்து எடுத்தால் எல்லாம் கறுப்பு. கடலுக்கு முதுகைக் காட்டி எடுத்தால் நிழலே இல்லாமல் தட்டையாகிவிடும். வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்று, வெயில் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகும்போது எடுத்தால்தான் ஒரு சாண் உயரக் கட்டு கூட நிழல் போட்டு எழும்பி நிற்கும். அதுவும் விடிந்த முதல் ஒரு மணித்தியாலம் மட்டும். எட்டு மணிக்குப் பிறகு கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

குந்தியிருந்து எடுக்கவும் ஒண்ணாது. முன்கட்டு பின்கட்டை மறைத்துவிடும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், என்னிடம் ட்ரோனும் இல்லை. சரி என்று மோட்டார் சைக்கிளின் சீற்றில் ஏறி நின்றேன். அந்த உயரமே அறைகளைப் பிரித்துக் காட்டப் போதும். பக்க ஸ்ராண்ட் மணலில் புதையாமல் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். என் விருப்பம் மாரி முடியும் தறுவாய். மழைத்தண்ணீர் மணலில் இறங்கிவிடும், சீமெந்துத் தரையில் தேங்கி நிற்கும். அறைக்கு அறை சதுரம் சதுரமாக வானம் கிடக்கும். வீட்டின் வரைபடத்தை மழையே கீறித் தந்த மாதிரி.

அரைச்சுவருக்குள் நின்று ஜன்னல் வழியே கடலை எடுப்பவர்களுக்கு ஒன்று: உள்ளே இருட்டு, வெளியே கண் கூசும் வெளிச்சம், ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. ட்ரைபொட்டில் வைத்து வெளிச்ச அளவை மாற்றி மூன்று எடுத்துப் பிறகு சேர்க்கிறேன். கடற்கரை உப்புத் திவலை லென்ஸில் படியும், ஈரத்துணியால் ஒற்றிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஈர ஆவி படிந்துவிடும். நான் இரவிலேயே விறாந்தையில் வைத்துவிடுவேன்.

இனி ஆட்கள் விஷயம். காணி வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்காக ஆளில்லாத காணி என்று நினைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் காணி உறுதிப்பத்திரம் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். கரைவலைக்காரர்களிடம் கேட்டேன். இந்தக் கிணற்றடி யாருடையது, அவர் இப்போது திராய்மடுவில் எந்த ஒழுங்கை என்று அவர்களுக்கு அத்துப்படி. கிராம சேவகரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். பொலிசார் ஒரு தடவை அடையாள அட்டை பார்த்தார்கள், அவர் பெயரைச் சொன்னதும் போய்விட்டார்கள்.

திராய்மடுவில் தேடிப் பிடித்த அம்மா, படமெடுக்கச் சம்மதம் கேட்டதற்குத் தானும் வருவதாகச் சொல்லி ஓட்டோவில் ஏறிவிட்டார். எனக்குச் சிமெந்துக் கட்டாகத் தெரிந்ததில் அவர் நேரே வாசலால் உள்ளே போனார். கட்டைத் தாண்டிக் குறுக்கே கால் வைக்கவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு நான் ஒரு மூலைக்குப் போக, “அதுல ஏறாத மனே, அது சாமியறை” என்றார். அடுப்படி எது என்று காட்டினார். அங்கே முழங்கால் உயரச் சுவர்த்துண்டில் நீலச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே புகைக் கறுப்பு. மகளின் கலியாணத்துக்கு அடித்த பூச்சு அது என்றார்.

இடிபாடுகளைக் கறுப்பு வெள்ளையில் போடுகிறவர்களோடு எனக்கு அன்றிலிருந்து ஒத்துவருவதில்லை. அந்த நீலத்தைச் சாம்பலாக்கிவிட்டால் அதில் எடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

சம்மதம் வாங்கியதற்குப் பதிலாகப் பிரதி கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். டவுன் ஸ்டூடியோவில் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் தேங்கிய அறைகள், நீலச் சுவர், எனக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். கிணற்றுக்கட்டில் அவர் கையை ஊன்றி நிற்கிற, நான் விளையாட்டாகப் போனில் எடுத்த படத்தைத்தான் வைத்துக்கொண்டார். அதிலும் சேலை சரியில்லையாம், இன்னொரு நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வருகிறாராம்.