137 படமும் ஒரு பாறை மீனும்

48 பக்கம், 137 படம், ஃபைல் வெறும் 9 எம்பி. அதைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன். போனில் எடுத்த ஒரு படமே நாலைந்து எம்பி வரும்போது 137 படம் எப்படி ஒன்பதுக்குள் அடங்கும் என்கிற சாதாரணக் கணக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு கச்சிதமாக முடித்திருக்கிறோம் என்று மெச்சிக்கொண்டே ராமநாதபுரத்து அச்சகத்துக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

எங்கள் ஊர் மண்டபத்துக்குப் பக்கம். கபடிக் குழு தொடங்கி 25 ஆண்டு ஆனதற்கு மலர் போடுவது என்று முடிவு. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும்ல, நீயே பண்ணிரு" என்றார்கள். நேரமும் அப்படி அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். ஆடியவர்கள், ஆடுகிறவர்கள், ஆடியதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஊரிலேயே இருந்தார்கள். காலையில் வலை தைப்பார்கள். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, ஜன்னல் வழியாக ஸ்கிரீனைப் பார்த்து, "அந்தப் படத்தக் கொஞ்சம் பெருசாக்கு" என்பார்கள். அந்தப் படம் என்றால் அவரவர் படம்.

மறுநாள் அச்சகத்திலிருந்து பிடிஎஃப் வந்தது. சரியாகப் பார்க்காமல் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் பழைய ரைடர் ஒருவர் போன் செய்தார்.

"ஏன்டா, எம் மூஞ்சிய மறைச்சு வச்சிருக்க? நான் என்ன கேஸ்லயா மாட்டுனேன்?"

பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் மட்டுமில்லை, மொத்தக் குழுவும் தொலைக்காட்சிச் செய்தியில் வரும் குற்றவாளிகள் மாதிரி மங்கலாக நின்றது. கோப்பையை மட்டும் ஒருவாறு அடையாளம் தெரிந்தது.

அச்சகத்துத் தம்பியைக் கூப்பிட்டேன். "திறக்கும்போதே லிங்க் காணோம்னு கேட்டுச்சுண்ணே. நான் ஓகே குடுத்துட்டேன்."

"எத்தனை லிங்க்குப்பா?"

"எல்லாமேண்ணே."

மலரின் பக்கங்களை நான் வடிவமைத்தது இன்டிசைன் என்கிற மென்பொருளில். அதில் ஒரு படத்தைக் கொண்டுவந்து வைத்தால் படம் அந்த ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துவிடாது. கண்ணுக்குக் காட்ட ஒரு மங்கலான நகல், அப்புறம் அசல் படம் எங்கே இருக்கிறது என்கிற விலாசம், இவ்வளவுதான் உள்ளே. என் விலாசம் இப்படி: டி டிரைவ், மலர் என்ற ஃபோல்டர், அதற்குள் 'புது', அதற்குள் 'புது புது'. அச்சகத்துக் கம்ப்யூட்டரிலும் டி டிரைவ் உண்டு. அதில் ஊரார் கல்யாணப் பத்திரிகையெல்லாம் இருந்தது, என் 'புது புது' இல்லை. லிங்க்ஸ் பட்டியலில் படத்தின் பெயருக்கு எதிரே மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் பயமில்லை. படம் அங்கேயேதான் இருக்கிறது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்டேட் கொடுத்தால் தீர்ந்தது. சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி என்றால் ஆளே இல்லை. எனக்கு 137 கேள்விக்குறி.

திண்ணையில் வலையோடு உட்கார்ந்திருந்த மாமாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்ப நீ மீன அனுப்பல. மீன் கெடக்குற எடத்தோட ஜிபிஎஸ் பாயிண்ட எழுதி அனுப்பிருக்க."

"ஆமா மாமா."

"அதுவும் உன் வீட்டு ஜிபிஎஸ்ல மட்டும் தெரியிற பாயிண்டு."

"ஆமா."

"இதுக்காடா மாப்ள மூணு வருசம் காலேஜுக்குப் பணம் கட்டுனோம்?"

சரி, மீனையே அனுப்பிவிடுவோம் என்று படங்களைத் தேட ஆரம்பித்தேன். டி டிரைவில் பாதி, டெஸ்க்டாப்பில் கொஞ்சம், டவுன்லோடில் கொஞ்சம், மிச்சம் ஒரு பென்டிரைவில். அந்தப் பென்டிரைவ் சித்தப்பா மகன் பைக் சாவியோடு தொங்கிக்கொண்டு ராமேஸ்வரம் போயிருந்தது. அது பாலம் தாண்டித் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். நடுவில் கம்ப்யூட்டர், இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டது. நான் யோசிப்பதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "கேக்குறதுக்கெல்லாம் சரின்னு குடு, பஸ் போயிரும்." கொடுத்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம். அச்சகத்தில் முதல் படத்தைத் தேர்ந்து ரீலிங்க் அழுத்தி, பென்டிரைவிலிருந்து இறக்கிய ஃபோல்டரைக் காட்டி, காணாமல்போன மற்ற லிங்க்குகளையும் இதிலேயே தேடு என்கிற கட்டத்தில் டிக் போட்டேன். சிவப்புக் கேள்விக்குறிகள் சரசரவென்று மறைந்தன. கரைவலையில் கடைசியாக மடி வந்து சேரும்போது ஒரு சந்தோஷம் வருமே, அது. ஆறு மட்டும் மிச்சம். சித்தப்பா மகன் பென்டிரைவைத் திருப்பித் தருவதற்கு முன், அடையாளம் தெரியட்டும் என்று அந்த ஆறுக்கும் 'நம்ம டீம் மாஸ் 1, 2, 3' என்று புதுப் பெயர் வைத்திருந்தான். பெயர் மாறினால் இன்டிசைனுக்கு அது வேறு ஆள். ஒவ்வொன்றாகக் கையால் காட்டிச் சேர்த்தேன்.

அப்புறம் தலைப்புகளில் இளஞ்சிவப்புப் பட்டை. என்னிடம் இருந்த எழுத்துரு அங்கே இல்லை. யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துரு என்பதால் 'வெற்றிப் பாதை' என்ற தலைப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. நல்லவேளை, எழுத்துரு பென்டிரைவில் இருந்தது, போட்டதும் சரியாகிவிட்டது. பிடிஎஃப் எடுத்தேன். முகமெல்லாம் கண்ணாடி மாதிரி. பஸ்ஸில் இருந்தபடியே குழுவில் போட்டேன்.

பத்து நிமிடம் ஒரு பதிலும் இல்லை. எங்கள் குழுவில் அப்படி நடந்ததே கிடையாது. அடுத்து தலைவரே கூப்பிட்டார்.

"டேய், மூணாம் பக்கம் பாத்தியா?"

பார்த்தேன். 'தலைவரின் வாழ்த்துரை' என்ற தலைப்புக்குக் கீழே, தலைவருக்காக நான் ஆசையாகப் போட்ட தங்கநிற வட்டத்துக்குள், ஒரு பாறை மீன் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. வட்டம் தலைக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது, வால் வெளியே போய்விட்டது. பக்கத்தில் வாழ்த்துரையின் முதல் வரி: "இளைஞர்களே, மூச்சை அடக்கிக் களத்தில் இறங்குங்கள்."

நடந்தது இதுதான். தலைவரைப் படமெடுத்த போனும், ஐஸ் கம்பெனி விளம்பரத்துக்கு மீனைப் படமெடுத்த போனும் ஒரே கம்பெனி. இரண்டுமே தன் படத்துக்கு ஐஎம்ஜி 0042 என்று பெயர் வைத்திருந்தன. தனித்தனி ஃபோல்டரில் இருந்தவரை சண்டை இல்லை. ஒன்றாகக் கொட்டியபோது மீன் தலைவர் மேல் ஏறிக்கொண்டது. நான்தான் சரி என்று கொடுத்தேனே. இன்டிசைன் பெயரைத்தான் பார்க்கும். அந்தப் பெயரில் இருப்பது தலைவரா மீனா என்பது அதற்குத் தெரியாது. 41-ஆம் பக்கத்து விளம்பரத்திலும் அதே மீன், அங்கே உரிமையோடு.

"மீனக்கூட மன்னிச்சுருவேன்டா. எவனோ ஸ்டேட்டஸ் வச்சிருக்கான்" என்றார் தலைவர்.

அன்று ராத்திரி தலைவர் படத்துக்கு வேறு பெயர் கொடுத்து என் கம்ப்யூட்டரிலேயே ரீலிங்க் செய்தேன். பிறகுதான் ஃபைல் மெனுவின் அடியில் பேக்கேஜ் என்று ஒன்று இருப்பதைக் கவனித்தேன். இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதை அழுத்தினால் எந்த மூலையில் கிடக்கும் படத்தையும் தானே நகலெடுத்து 'லிங்க்ஸ்' என்ற ஃபோல்டரில் போடுகிறது. எழுத்துருக்களுக்குத் தனி ஃபோல்டர். பழைய வெர்ஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஐடிஎம்எல் ஃபைல். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்த மாதிரி. 640 எம்பி. ஈமெயில் தாங்காது, மறுபடியும் பென்டிரைவ், மறுபடியும் உச்சிப்புளி.

அச்சகத்துத் தம்பி திறந்தான். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. "மொதல்லயே இப்படிக் குடுத்திருக்கலாம்லண்ணே?" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. வந்திருக்கக்கூடாதுதான்.

படகு இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு மலர் வெளியீடு. தலைவர் மேடையிலேயே முதலில் மூணாம் பக்கத்தைத் திருப்பினார். தன் முகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார். நான் மூச்சு விட்டேன்.

கூட்டம் கலையும்போது ஐஸ் கம்பெனிக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னைக்கு போன்ல பாத்தேன். நம்ம மீனு மூணாம் பக்கத்துல, தங்க வட்டத்துக்குள்ள ஜம்முன்னு இருந்துச்சு. அத ஏன் எடுத்தீங்க? கூட ஐநூறு குடுத்திருப்பேனே!"