அண்டி ஆபீஸ்களை எதை வைத்து ஒப்பிடுவது?

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்தில் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்பார்கள்; ஓடு நீக்காத முந்திரிக்கொட்டைதான் அண்டி. அந்த ஆலைகளில் பெஞ்ச்மார்க்கிங் (பிறரோடு ஒப்பிட்டுக் கற்பது) என்றால் இன்னும் "அங்கே மூட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு எடுக்கிறாங்க?" என்ற விசாரிப்புதான். அந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான கினி-பிசாவிலிருந்து வரும் அண்டியில் பொதுவாகவே நைஜீரிய அண்டியைவிடப் பருப்பு கூடுதல். இவற்றை ஆளுக்கொன்றாக ஓட்டிய இரண்டு ஆலைகளும் ஒரே எண்ணைக் காட்டினால், நைஜீரிய அண்டி ஓட்டிய ஆலைதான் நன்றாக வேலை செய்திருக்கிறது.

எனவே முதலில் அண்டியின் தரத்தைக் கணக்கிலிருந்து பிரிக்க வேண்டும். பல மூட்டைகளிலிருந்து கலந்து எடுத்த 1 கிலோ அண்டியை வெட்டுங்கள். தோலோடு இருக்கும் நல்ல பருப்பின் எடையோடு, புள்ளி விழுந்தது, சூம்பியது இவற்றின் எடையில் பாதியைக் கூட்டுங்கள். 270 கிராம் வந்தால் 80 கிலோ மூட்டைக்கு 21.6 கிலோ, அதாவது அவுட்டர்ன் (மூட்டைக்குத் தேறும் பருப்பு, பவுண்ட் கணக்கில்) 47.6 பவுண்ட். லாட் (ஒரே தொகுதியாக ஓட்டும் அண்டி) ஓடி முடிந்ததும் மூட்டைக்குக் கிடைத்த பருப்பு இந்த 21.6-இல் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தோலும் ஈரமும் போவதால் அது 100-ஐத் தொடாது. ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

அடுத்தது முழுப்பருப்பு. உடைத்த பின், பருப்பை உலர்த்தும் அடுப்பான போர்மாவிலிருந்து இறக்கிய பின், தோல் உரித்த பின் என மூன்று இடங்களில் 500 கிராம் எடுத்து முழுசையும் உடைசலையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். உடைக்கும் இடத்திலேயே உடைசல் கூடினால், அவித்த அண்டியைச் சரியாக ஆற விட்டிருக்க மாட்டார்கள். அல்லது சைஸ் பிரிக்காமல் மெஷினில் போட்டிருப்பார்கள். உரிக்கும் இடத்தில் கூடினால் போர்மாவைப் பாருங்கள். அதிகம் காய்ந்த பருப்பு நொறுங்கும். காயாததில் தோல் ஒட்டிக்கொண்டு கத்திச் சுரண்டல் விழும். மேல்தட்டையும் கீழ்தட்டையும் இடம் மாற்றாவிட்டால் இரண்டு கோளாறும் ஒரே நாளில் வரும். காயாத பருப்பைக் கொடுத்துவிட்டு, கிலோ கணக்கில் கூலி வாங்கும் பெண்களை 'வேகம் குறைவு' என்று எழுதி வைப்பது அநியாயம்.

இனி ஒப்பீடு வருடக் கணக்கில் நடந்தால் பயனில்லை, வாரக் கணக்கில் நடக்க வேண்டும். குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் மாதத்தில் பருப்பு காய்வதை பிப்ரவரியோடு ஒப்பிட முடியாது. ஏழெட்டு ஆலைகள் சேர்ந்து, பொதுவான ஒரு கணக்கரிடம் லாட் விவரங்களைப் போனிலேயே அனுப்பலாம். அவரவர் எண்ணும், எல்லோருக்கும் நடுவில் நிற்கும் எண்ணும் மட்டும் திரும்பி வரட்டும். ரேங்க் பட்டியல் வேண்டாம். நாடுகளை வரிசைப்படுத்திய தொழில் சூழல் ('டூயிங் பிசினஸ்') அறிக்கையை, தரவு முறைகேடுகள் வெளிவந்த பிறகு உலக வங்கியே 2021-இல் நிறுத்திவிட்டது. கொள்முதல் விலையும் விற்பனை விலையும் இதில் சேரவே கூடாது; போட்டிச் சட்டத்தில் சிக்கும்.

ஒப்பிட முந்திரி ஆலைதான் வேண்டும் என்பதும் இல்லை. 1980-களில் நகல் இயந்திரக் கம்பெனியான செராக்ஸ் தன் கிடங்கு வேலையை, தபால் வழியே உடுப்பும் காலணியும் விற்ற எல்.எல். பீன் கம்பெனியோடு ஒப்பிட்டுத்தான் கற்றுக்கொண்டது. லாட் பிசகாமல் பின்தொடர, மீன் ஏற்றுமதிக் கம்பெனிகளைப் போய்ப் பார்க்கலாம். நம் ஆலைகளில் லாட் சீட்டு பெரும்பாலும் தொலைவது போர்மாவில்தான், இரண்டு லாட் தட்டுகளை ஒன்றாக ஏற்றும்போது. லாட்டுக்கு ஒரு நிறம் என்று தட்டுகளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, கணக்கை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.