பெட்டி வேண்டாம், அளவு போதும்

தேனீ வளர்க்கத் தெரிந்த யாரும் ஆப்பிரிக்காவில் தேனீ வளர்ப்பவர்களுக்கு உதவும் எங்கள் கிளையில் சேர வந்தவுடன் கேட்பது, “எத்தனை பெட்டி அனுப்பணும்?” என்றுதான். ஒரு பெட்டிகூட வேண்டாம். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மறுசீரமைப்பு மையம் தேன்பெட்டியைப் பரப்பிய ஊர் இது. ஆனால் நம் பெட்டி இந்தியத் தேனீயின் உடம்புக்கு வெட்டிய சட்டை. கென்யா, தான்சானியா, ஜாம்பியா பக்கத்துத் தேனீக்கு அது பொருந்தாது.

அங்கே உள்ள தேனீ நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்கிறோமே, அந்த இனம். குணம் மட்டும் வேறு. அடையில் நம் தேனீ கட்டும் வேலைக்காரத் தேனீயின் அறை ஏறக்குறைய 4.3 மி.மீ. அகலம்; அதனுடையது 4.8 மி.மீ. ஆகவே அறை அளவு பதித்து இங்கே அச்சடித்த மெழுகுத்தாளை அங்கே கொடுத்துப் பயனில்லை. நம் புழு அறையின் சின்னச் சட்டங்களில் அதன் கூட்டம் அடங்காது. இடம் போதாவிட்டால் கூட்டம் பிரிந்து போகும். குமரியில் கதம்பல் (தேங்காய் மட்டை) புகை போட்டு வெறுங்கையோடு மூடியைத் திறக்கிறோம். அங்கே அப்படித் திறந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு தேனீ கொட்டியவுடன் பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசம் வரும். அது மற்றவற்றுக்கு அபாயச் செய்தி. கொட்டுப்பட்ட இடத்தைத் தேடி நூற்றுக்கணக்கில் வரும்.

ஆகவே அனுப்பவேண்டியது ஓர் அளவு: 32 மி.மீ.

1970-களில் கென்யாவில் உருவான மேல்சட்டப் பெட்டியின் உயிர்நாடி அந்த அளவுதான்; அது ஒவ்வொரு மேல்சட்டத்தின் அகலம். பெட்டி, அடி ஒடுங்கிய மாட்டுத்தொட்டி போல இருக்கும். பக்கப் பலகைகள் சரிந்து நிற்பதால் தேனீ அடையைச் சுவரோடு ஒட்டுவது குறைகிறது. மேலே 48 செ.மீ. நீளச் சட்டங்களை இடைவெளி இல்லாமல் அடுக்குவார்கள். 28 சட்டம் வைத்தால் பெட்டியின் உள்நீளம் 90 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். நான்கு பக்கச் சட்டம், கம்பி, மெழுகுத்தாள் எதுவும் கிடையாது. ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் நடுவே நீளவாக்கில் ஒரு காடி, அதாவது சிறு பள்ளம். அதில் உருக்கிய மெழுகைக் கோடாக ஊற்றினால் தேனீ அந்தக் கோட்டைப் பிடித்து அடை கட்டும்.

சட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பது தேனீக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் பாதுகாப்பு. நம் பெட்டியில் மூடியைத் தூக்கினால் கூட்டம் முழுதும் திறந்துவிடும். அங்கே ஒரு சட்டத்தை எடுத்தால் ஒரு சட்ட அகலம் மட்டுமே திறக்கிறது. அகலம் 35 மி.மீ. ஆகிவிட்டால் அடை காடியை விட்டு விலகும், குறுக்கே ஓடும். அப்புறம் ஒரு சட்டத்தைத் தூக்கினால் மூன்று அடை சேர்ந்து பிய்ந்து வரும். குறைந்தாலும் இதே கதிதான். கிராமத்து ஆசாரியிடம் பெரும்பாலும் டேப் இருக்கும். ஆனால் 2 மி.மீ. போனால் என்ன என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. அதனால்தான் கட்டை. நன்றாகக் காய்ந்த கடின மரத்தில் சரியாக 32 மி.மீ. அகலத்தில் அளவுக்கட்டை செய்து கொடுக்கிறோம். சட்டம் அறுத்ததும் கட்டையை வைத்துப் பார்த்தால் முடிந்தது. ரப்பர் மரத்தில் செய்யாதீர்கள். மருந்தேற்றாத ரப்பர் பலகையில் பூச்சி துளைக்கும், ஈரம் பட்டால் அளவும் மாறும்.

பெட்டியைக் காலில் நிறுத்துவதைவிடக் கம்பியில் தொங்கவிடுவது நல்லது. இடுப்பு உயரம் போதும். ராட்டல் எனப்படும் தேன்வளைக்கரடி தரையில் இருக்கும் பெட்டியை உருட்டி உடைத்துவிடும். கம்பியில் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. புழுதி படிந்து கிரீஸ் காய்ந்தால் மறுபடி தடவவேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம். வீடு, பள்ளி, கட்டிப்போட்ட ஆடு மாடு இவற்றிலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளித் தொங்கவிடவேண்டும்.

கூட்டத்தை விலைக்கு வாங்கி வைக்கும் வழக்கமும் அங்கே அதிகம் இல்லை. உள்ளே மெழுகு தேய்த்து, கூட்டம் பிரியும் பருவத்துக்கு முன்னால் தொங்கவிட்டுக் காத்திருப்பார்கள். தானாக வந்து குடியேறும். சிலவற்றில் வராமலும் போகும்.

திறப்பது அந்தி சாயும் நேரத்தில். முழு உடுப்பு, கையுறை, பூட்ஸ், இரண்டு பேர். அடையைத் தூக்கினால் செங்குத்தாகவே பிடிக்கவேண்டும். நம் பழக்கத்தில் சட்டத்தைப் படுக்கையாகச் சாய்த்துப் பார்த்தால், கம்பி இல்லாத அந்த அடை கனம் தாங்காமல் ஒடிந்து, புழுவும் தேனும் உள்ளே சிந்தும். மறுபக்கம் பார்க்கவேண்டுமானால் சட்டத்தின் ஒரு நுனியை மேலே கொண்டுபோய், அந்த நிலையிலேயே பம்பரம்போலச் சுற்றித் திருப்பவேண்டும். இங்கே வெறும் சட்டத்தில் ஓர் அட்டையை ஒட்டிப் பழகிக்கொள்ளலாம்.

தேன் எடுக்கும் சுழற்சி இயந்திரமும் வேண்டாம். தேனீ மெழுகால் முக்கால் பங்காவது மூடிய அடையை மட்டும் அறுத்து, பிழிந்து, துணியில் வடிகட்டினால் போதும். மூடாத அடையைச் சேர்த்தால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும், தேன் புளிக்கும். புகை அதிகமானால் தேனில் புகைநாற்றம் நிற்கும், வாங்குகிறவர் திருப்பிவிடுவார். பிழிந்த சக்கையைத் தூக்கிப் போடுவதுதான் பெரிய இழப்பு. பத்துக் கிலோ அடையில் ஒரு கிலோவை ஒட்டி மெழுகு கிடைக்கும். மெழுகு கெடாது, ஒழுகாது, வண்டியில் எவ்வளவு தூரமும் போகும். தண்ணீரோடு சேர்த்து உருக்கவேண்டும். இரும்புப் பாத்திரத்தில் உருக்கினால் நிறம் கறுத்து விலை இறங்கும். சுவாஹிலியில் மெழுகுக்கு ‘ன்டா’, தேனுக்கு ‘அசாலி’, தேனீக்கு ‘நியூக்கி’. இந்த மூன்று சொல் தெரிந்தால் பேச்சைத் தொடங்கிவிடலாம்.

பூக்காலத்தை நாம் சொல்லக்கூடாது, கேட்கவேண்டும். நமக்கு ஜனவரி முதல் ரப்பர் தளிர் விட்டால் இலைக்காம்பில் தேன் சுரக்கும். அதை வைத்தே நம் ஆண்டு ஓடுகிறது. ஜாம்பியா, தான்சானியாவின் மியோம்போ காடுகளுக்கு வேறு கணக்கு. அங்கே மரப்பட்டையை உரித்துக் கூடு செய்யும் பழைய முறையும் உண்டு. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் அந்த மரமே பட்டுப்போகும். அதற்கு மாற்றாகத்தான் பலகைப் பெட்டியைப் பேசவேண்டுமே தவிர, அவர்களுக்குத் தேனீ தெரியாது என்ற நினைப்பில் அல்ல.

பண விஷயம். அறக்கட்டளைக் கணக்கில் வசூலித்து அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று எண்ணாதீர்கள். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் தனிநபர்களுக்கு மட்டுமே. நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு, பான் எண் கட்டாயம். வசூலுக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். நேரில் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்பு போட்டுக்கொள்ளவேண்டும். அந்நோய் உள்ள நாட்டிலிருந்து சான்று இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கிருந்து வரும் படிவத்தில் நாம் பார்ப்பது தொங்கவிட்ட பெட்டிகளின் எண்ணிக்கையை அல்ல, கூட்டம் குடியேறிய பெட்டிகளின் எண்ணிக்கையை. புகைப்படம் கேட்டால் வாசலைத்தான் கேளுங்கள். கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீ நுழைவது தெரிந்தால், உள்ளே பெரும்பாலும் புழு வளர்கிறது என்று பொருள்.