முன்வேரின் பின்சுவர்

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய முதல் ஆண்டுகளில், வேர் சிகிச்சை முடித்து எடுக்கும் எக்ஸ்ரேயில், வேர்க்குழாயை அடைக்கும் ரப்பர் போன்ற கட்டப்பெர்ச்சா வெள்ளைவெளேரென்று அகலமான கூம்பாக நுனிவரை இறங்கியிருந்தால், அன்றைய வேலை நன்றாக அமைந்ததாக மகிழ்வேன். அந்த அகலத்துக்காகப் பல்லிலிருந்து எவ்வளவு சுரண்டி எடுத்திருந்தேன் என்பதைப் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாளின் கீழ்க் கடவாய்ப் பல்தான் எனக்குக் காட்டியது.

நானே வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பல் அது. மூன்றாண்டு கழித்து ஈறோரத்தில் சிறு சீழ்க்கொப்புளத்துடன் வந்தவர், "களிதான் சாமி தின்னேன், அதுக்கே வலிக்குது" என்றார். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதே எங்கள் பக்கத்து வழக்கம். மெல்லாமலே வலிக்கிறது என்றால் கோளாறு ஆழத்தில் இருக்கிறது. ஈறின் ஆழத்தை அளந்தபோது, சுற்றிலும் 2, 3 மி.மீ.யில் நின்ற கருவி ஓரிடத்தில் மட்டும் 9 மி.மீ. இறங்கியது. வேர் நெடுக்காகப் பிளந்திருந்ததால் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

எடுத்த பல்லைக் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முன்வேர், கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கமாக இரண்டாகியிருந்தது. விரிசலைவிட என்னை உறுத்தியது, இரு வேர்களும் பிரியும் இடமான வேர்க்கவட்டை நோக்கிய அதன் பின்சுவர். உள்ளே அடைத்த பொருளின் நிறம் மங்கலாகத் தெரியுமளவுக்கு அது மெலிந்திருந்தது. அந்தச் சுவர் இயல்பிலேயே பலருக்கு 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். வெளிப்புறம் குழிந்திருக்கும் இடமாதலால், எக்ஸ்ரே அதை உள்ளதைவிடத் தடிமனாகவே காட்டும்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேர்க்குழாயைச் சுரண்டும் ஊசி போன்ற கருவி ஃபைல். 25ஆம் எண் ஃபைலின் நுனி 0.25 மி.மீ.; 2 விழுக்காட்டுக் கூம்பு என்றால் ஒவ்வொரு மி.மீ. மேலேறும்போதும் விட்டம் 0.02 மி.மீ. கூடும்; நுனியிலிருந்து 10 மி.மீ. மேலே, ஏறத்தாழ கவட்டை நெருங்கும் மட்டத்தில், 2 விழுக்காட்டுக் கூம்புள்ள கை ஃபைல் 0.45, 4 விழுக்காட்டு ரோட்டரி (இயந்திரத்தில் சுழலும் ஃபைல்) 0.65, 6 விழுக்காடு 0.85 மி.மீ. விட்டம் கொள்ளும். நான் அது போதாதென்று, குழாயின் மேற்பகுதியை அகலப்படுத்தும் கேட்ஸ் கிளிடன் டிரில்லில் 4ஆம் எண்ணையும் ஓட்டியிருந்தேன். அதன் விட்டம் மட்டும் 1.1 மி.மீ.

பல்லைப் பலவீனப்படுத்துவது பெரும்பாலும் சொத்தைதான், நம் கருவியன்று என்பது எங்களிடையே வழங்கும் சமாதானம். 1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோர் சிறு கடவாய்ப் பற்களில் செய்த ஆய்வில், வேர் சிகிச்சைக்கான திறப்பால் பல்லின் விறைப்பு (வளையாமல் தாங்கும் தன்மை) 5 விழுக்காடுதான் குறைந்தது; இரு பக்க விளிம்புகளும் போனால் 63 விழுக்காடு குறைந்தது. ஆனால் அந்த அளவீடு பல்லின் மேல்முகடுகளைப் பற்றியது. கவட்டருகே நான் மெலிய வைத்த வேர்ச்சுவருக்கு அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இப்போது முன்வேரில் 4 விழுக்காட்டுக் கூம்போடு நிறுத்திக்கொள்கிறேன்; கேட்ஸில் 2ஆம் எண்ணை வேர்க்குழாயின் வாயருகே மட்டும், கவட்டுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து ஓட்டுகிறேன். குறுகிய குழாயில், கிருமிகளைக் கொன்று கழுவும் ஹைப்போகுளோரைட் கரைசல் நுனிவரை போய்ச் சேரத் தாமதமாவதால் கழுவும் நேரம் கூடிவிட்டது. பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று நாற்காலியிலிருந்தே கடிகாரத்தைப் பார்ப்பவர்களிடம், இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.