ஆர்ச்சர்ட் சாலைக் கண்ணாடிக்குள் பனி

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளின் காட்சிக் கண்ணாடிக்கு டிசம்பரிலும் வெக்கைதான். பகலில் அது நிலைக்கண்ணாடியாகிவிடும்; எதிரே போகும் பேருந்து தெரியும், உள்ளே விற்பனைக்கு வைத்த கைப்பை தெரியாது. பின்பலகை கறுப்பென்றால் இன்னும் மோசம். வெளிர் நிறம் பூசி, பையைச் சுமார் 150 செ.மீ. உயரத்தில், கண்மட்டத்தில் வைத்து, ஸ்பாட் விளக்கை 30 பாகை சாய்த்து அடியுங்கள்.

கிறிஸ்துமஸ் அலங்காரப் பனித்துகள்களை நைலான் நரம்பில் தொங்கவிட்டால், நரம்பு ஈரம் குடித்து நீளும். சில நாளில் வரிசை கோணிக்கொள்ளும். மெல்லிய எஃகுக் கம்பிதான் நிற்கும். சூட்டுப் பசை விளக்கருகே இளகும், காலையில் நட்சத்திரம் தரையில் கிடக்கும்.

கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கிறதா? ஏர்கான் காற்று நேராக அதில் அடிக்கிறது. காற்றின் திசையைத் திருப்புங்கள். துணியால் துடைப்பது வீண்வேலை.

பஞ்சுப் பனியா? வேண்டவே வேண்டாம். தூசி பிடித்துச் சாம்பலாகிவிடும்.