நடுவில் நிற்கும் உட்கரு

ஜூன் 2

காயப்பட்ட தசை எப்படி மீள்கிறது என்று பார்க்கும் சோதனையில் இன்று நாள் பூஜ்யம். சுண்டெலிகளை மயக்கி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓடும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசையில் கார்டியோடாக்சின் ஊசி போட்டோம். வலது காலில் மட்டும். இடது கால் ஒப்பீட்டுக்கு. நாகப்பாம்பு நஞ்சிலிருந்து எடுக்கும் பொருள் இது. தசை இழைகளின் சவ்வை உடைத்துவிடும், ஆனால் இழையைச் சுற்றிய அடித்தளச் சவ்வையும் அதன் அடியில் ஒட்டிக் கிடக்கும் சாட்டிலைட் செல்களையும் (புது இழை கட்டும் தண்டு செல்கள்) பெரும்பாலும் விட்டுவிடும். வீடு இடிந்தாலும் மதில் நிற்கிற மாதிரி.

வலிக்கு ப்யூப்ரெனார்ஃபின். அழற்சியை அடக்கும் வகை மருந்து கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நாம் பார்க்க வந்ததையே அழித்துவிடுவோம் என்று புதிதாகச் சேர்ந்த மாணவனுக்குச் சொன்னேன். தலையாட்டினான். புரிந்ததா என்று தெரியவில்லை.

ஜூன் 5

மூன்றாம் நாள் மாதிரிகளை எடுத்தோம். ஊசி போட்ட தசை வீங்கி, வெளிறிக் கிடக்கிறது. "இது கெட்டுப்போன மாதிரி இருக்கே அக்கா" என்றான் மாணவன். கெட்டுப்போகவில்லை, வேலை நடக்கிறது. இப்போது அங்கே கூட்டம் மேக்ரோபேஜ்களுடையது, அதாவது கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களுடையது. செத்த இழைகளைத் தின்று தீர்ப்பது ஒரு வேலை. சாட்டிலைட் செல்களைப் பெருகச் சொல்லும் சைகைகளை விடுவது இன்னொன்று. பிறகு இதே மேக்ரோபேஜ்கள் குணம் மாறி, அழற்சியைத் தணித்து, பெருகிய செல்கள் ஒன்றோடொன்று இணைய உதவும். தொடக்கத்திலேயே அவற்றை அகற்றிய சோதனைகளில் தசை சரியாக மீளவில்லை.

ஜூன் 6

நாள் வீண். உறைந்த தசையை மெல்லிசாகச் சீவும் கிரையோஸ்டாட் கருவியில் வெட்டி, சாயமேற்றிப் பார்த்தால் ஒவ்வொரு இழையிலும் ஓட்டை. முதலில் நஞ்சின் வேலை என்று நினைத்தேன். ஊசியே போடாத இடது காலிலும் அதே சல்லடை. உறைய வைத்ததில்தான் தப்பு.

தசையை நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டால், அதைச் சுற்றி ஆவிப்படலம் சூழ்ந்துகொள்ளும். குளிர் உள்ளே போகத் தாமதமாகும், அதற்குள் பனிப்படிகங்கள் வளர்ந்து இழையைக் குத்திவிடும். அதனால்தான் நைட்ரஜனில் குளிரவைத்த ஐசோபென்டேன் என்ற திரவத்தில் முக்குகிறோம். பீக்கரின் அடியில் வெள்ளையாக உறையத் தொடங்க வேண்டும், அதுதான் பதம். ஏறக்குறைய மைனஸ் 160 டிகிரி. நேற்று நான் அந்த வெள்ளைக்குக் காத்திருக்கவில்லை. மாணவனைக் குறை சொல்ல வாயெடுத்தேன். பீக்கரைப் பிடித்திருந்தது நான்.

மூன்றாம் நாள் தொகுதியை மறுபடி செய்ய வேண்டும். விலங்குச் சோதனை நெறிக்குழு அனுமதித்த எண்ணிக்கைக்குள் இன்னும் இடம் இருக்கிறது.

ஜூன் 9

ஏழாம் நாள். இந்த முறை பதம் பார்த்துத்தான் முக்கினேன். ஸ்லைடில் சின்னச் சின்னப் புது இழைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கரு. முதிர்ந்த இழையில் உட்கருக்கள் ஓரமாக ஒதுங்கி நிற்கும். நடுவில் நின்றால் அந்த இழை புதிதாகக் கட்டியது என்று அர்த்தம். மாணவன் லென்ஸை விட்டு நகரவே இல்லை.

சாட்டிலைட் செல்லை 1961-இல் அலெக்சாண்டர் மாவ்ரோ தவளைத் தசையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டு எழுதினார். அது இல்லாமல் தசை மீளுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க 2011 வரை ஆனது. சாட்டிலைட் செல்லின் அடையாளமான பேக்ஸ்7 மரபணு இயங்கும் செல்களை மட்டும் சுண்டெலியில் அழித்துப் பார்த்தார்கள். தசை மீளவில்லை.

ஜூன் 10

பந்தாடும்போது தொடைத் தசையைக் கிழித்துக்கொண்ட நண்பன் போனில் கேட்டான்: "வீக்கத்துக்கு மாத்திரை போடலாமா, போடக்கூடாதா? நீதானே இதுல வேலை பாக்குற." அந்த வகை மாத்திரைகள் தடுக்கும் காக்ஸ்-2 என்ற அழற்சி நொதியைச் சுண்டெலியில் தடுத்தபோது மீட்சி பின்தங்கிய ஆய்வுகள் உண்டு, மனிதர்களில் முடிவுகள் ஒருபோக்காக இல்லை. மருத்துவரைக் கேள் என்றேன். ஏமாற்றம் குரலில் தெரிந்தது. பத்து வருடம் படித்ததற்கு இவ்வளவுதானா என்று எனக்கே தோன்றியது.

ஜூன் 16

பதினான்காம் நாள். இழைகள் பருத்திருக்கின்றன. வேறு விசேஷமில்லை.

ஜூன் 30

இருபத்தெட்டாம் நாள். அடித்தளச் சவ்வின் புரதமான லேமினினுக்குச் சாயமேற்றியதில் இழைகளின் எல்லை பளிச்சென்று தெரிகிறது. எது வலது, எது இடது என்று தெரியாதபடி மாணவன் ஸ்லைடுகளுக்குக் குறியீடு போட்டுக் கொடுத்தான், நான் எண்ணினேன். பரப்பளவில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் குறியீடு போட்டும் பயனில்லை: உட்கரு நடுவில் நிற்கும் ஸ்லைடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. சுண்டெலியில் அந்த அடையாளம் மாதக்கணக்கில் போகாது.

"அப்போ ஆறிடுச்சா, இல்லையா அக்கா?"

பரப்பளவைக் கேட்டால் ஒரு பதில், உட்கருவைக் கேட்டால் இன்னொரு பதில். விசையை நாங்கள் அளக்கவே இல்லை. அடுத்த சுற்றில் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

நாளை மறுநாள் மூன்றாம் நாள் தொகுதிக்கு மறுபடி ஊசி. ஐசோபென்டேன் பாட்டிலில் அடிமட்டம்தான் மிச்சம். இன்றே ஆர்டர் போட்டாக வேண்டும்.