வாய் திறக்காத மூன்று மணி நேரம்

மதுரையில் 19 வருடமாகப் பல் மருத்துவராக இருக்கிறேன். 2024 அக்டோபரில் ஒரு மெயிலை நம்பி, 6,40,000 ரூபாயை முன்பின் தெரியாத ஒருவர் கணக்குக்கு என் கையாலேயே அனுப்பினேன்.

புது டென்டல் சேருக்கு சென்னை டீலர் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்திருந்தேன். கொட்டேஷன், ஜி.எஸ்.டி., சேர் வந்து இறங்கும் தேதி என்று பத்துப் பதினைந்து மெயில் போய் வந்திருந்தது. அதே தொடரில், அதே லெட்டர்ஹெட்டில், "ஆடிட் நடப்பதால் பழைய கணக்கு வேண்டாம், இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று ஒரு மெயில். சேரின் மாடல் நம்பர், நான் பேரம் பேசிக் குறைத்த தொகை எல்லாமே சரியாக இருந்தன. காலை 11:40-க்கு, பெரிய தொகையை வங்கி வழியாக உடனே அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பணத்தை அனுப்பினேன்.

1 மணி தாண்டியதும் டீலர் போன் செய்தார். "டாக்டர், அட்வான்ஸ் இன்னைக்குப் போட்டுடுவீங்களா?"

மெயில் முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி அந்தத் திருடனுக்கே மெயில் போட்டேன். வெளியே காத்திருந்த இரண்டு பேருக்கு ரூட் கெனால் செய்தேன். எம்.டி.எஸ். படித்தவள் ஏமாந்தாள் என்று ஊர் பேசுமே என்ற நினைப்பு நாக்கைக் கட்டிப்போட்டது.

4 மணிக்குத்தான் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் திட்டவில்லை. "அக்கா, முதல்ல 1930-க்கு அடி. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றான்.

1930 என்பது சைபர் பண மோசடியைப் புகார் செய்யும் தேசிய உதவி எண். அங்கே கதை கேட்க மாட்டார்கள், விவரம் கேட்பார்கள்: எந்த வங்கி, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யூ.டி.ஆர். நம்பர் என்ன. ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு அது எழுத்தும் எண்ணும் கலந்து 22 இடம். பதற்றத்தில் இரண்டு முறை தப்பாகப் படித்தேன், பொறுமையாகத் திருத்தினார்கள். போனை வைப்பதற்குள் புகார் எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிட்டது. அன்று இரவே தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் மெயில்கள், போலி பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஏற்றினேன்.

மறுநாள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். எஸ்.ஐ. கணக்கு விவரத்தைத் திருப்பிக் காட்டினார். 12 மணிக்குள் 2,50,000 போயிருந்தது. டீலர் என்னைக் கூப்பிட்ட நேரத்தில் 3,90,000 அந்தக் கணக்கிலேயே கிடந்திருக்கிறது. 2:20-க்கு இன்னொரு 1,55,000 வெளியேறியது. நான் 1930-க்குச் சொன்ன பிறகு முடக்கப்பட்டது மீதி 2,35,000. அந்த 1,55,000 நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கொடுத்த விலை.

திருடனுக்கு எங்கள் பேரம் எப்படித் தெரிந்தது? சில வாரம் முன்பு "உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது" என்று வந்த பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டிருந்தேன். பில் சம்பந்தப்பட்ட மெயில்கள் தானாக வெளியே ஒரு முகவரிக்குப் போகும்படி என் செட்டிங்கிலேயே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அழியாது, தனியாகத் தேடி நீக்க வேண்டும். தயவுசெய்து இன்றே உங்கள் ஃபார்வர்டிங் செட்டிங்கைத் திறந்து பாருங்கள்.

டீலரின் பெயரைச் சரியாக டைப் செய்துதான் அனுப்பினேன், வங்கி ஏன் தடுக்கவில்லை என்று மேனேஜரிடம் ஆற்றாமையோடு கேட்டேன். பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை என்றார். 2025 ஏப்ரல் 1-க்குள் பணம் அனுப்பும் முன்பே பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பிறகு உத்தரவிட்டது. எனக்கு ஆறு மாதம் பிந்தி வந்த வசதி.

ஆறுதலுக்காகத் தம்பி ஒன்று சொன்னான். 2013 முதல் 2015 வரை கூகுளும் ஃபேஸ்புக்கும் இதே மாதிரிப் போலி பில்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கின்றன. தைவானின் குவாண்டா நிறுவனம் போல நடித்த லிதுவேனியாக்காரர் எவால்தாஸ் ரிமசௌஸ்காஸுக்கு 2019-ல் நியூயார்க்கில் 5 வருடத் தண்டனை கிடைத்தது. கேட்ட அன்று இரவுதான் கொஞ்சம் தூங்கினேன்.

முடக்கிய பணம் தானாகத் திரும்பி வராது. வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆம் பிரிவில் மனுப் போட்டோம். புகார் நகல், ஸ்டேட்மென்ட், ஆதார், உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். நான்கு வாய்தா. ஒவ்வொன்றுக்கும் கிளினிக்கை அடைத்துவிட்டுப் போனேன். உத்தரவின் நகலை வங்கிக்கு அனுப்பி, 2025 மார்ச்சில் 2,35,000 வந்து சேர்ந்தது. மீதிக்கு வழக்கு நடக்கிறது.

இப்போது எந்த பில் வந்தாலும், டைரியில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் நம்பருக்கு நானே பேசி, கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லச் சொல்கிறேன். மெயிலில் இருக்கும் போன் நம்பரைத் தொடுவதே இல்லை.

சமீபத்தில் பல் மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் எழுந்து இதை அப்படியே சொன்னேன். முடிந்து கிளம்பும்போது, என்னைவிட மூத்த டாக்டர் ஒருவர் கார் அருகில் வந்தார். "எனக்கும்மா… மூணு மாசம் ஆச்சு. வீட்டுக்கே தெரியாது" என்றார். அங்கேயே அவர் போனை வாங்கி 1930-ஐ அழுத்திக் கொடுத்தேன். யூ.டி.ஆர். நம்பரைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. பக்கத்திலேயே நின்றேன்.